பன்னிரண்டு வோல்ட்டுக் குடித்தனம்

என் கணவருக்கு என்மேல் பிரியம் உண்டா என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால், பாட்டரிக்கு அடுத்தபடியாக உண்டு என்று சொல்லியிருப்பேன்.

ஒத்தக்கடையைத் தாண்டி, மனை பிரித்து விற்ற பொட்டலில் வீடு கட்டி முதல் ஆளாகக் குடிவந்திருந்தோம். வீட்டில் கிணறு இருந்தது, சுவரில் வரிசையாக சுவிட்சுகள்கூட இருந்தன. கரண்டு மட்டும் இல்லை. எங்கள் தெருவுக்குப் போஸ்ட் நடும் முறை இன்னும் வரவில்லை. இவர் ஒரு கம்பெனியில் கிளார்க், நான் மிஷன் பள்ளியில் டீச்சர். லாரியில் வைக்கிற பெரிய பாட்டரி ஒன்றை வாங்கிவந்து, அதில் ஒரு குட்டி டியூப்லைட்டையும் கறுப்பு வெள்ளை டிவியையும் ஓட்டினார்.

அதற்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பலகை போட்டு, பலகைமேல் சாக்கு விரித்து உட்கார வைத்தார். டெர்மினல் பூத்துப்போனால் என் ஆப்பசோடாவை எடுத்து வெந்நீரில் கரைத்துத் துடைப்பார். மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் ஆசிடை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குண்டு எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். பச்சை என்றால் அன்று வீட்டில் சிரிப்பு. சிவப்பு என்றால் சைக்கிள் கேரியரில் டியூப் போட்டுக் கட்டி, கடைக்குச் சார்ஜ் ஏற்றக் கிளம்பிவிடுவார். ஆசிட் தெறித்து அவருடைய பேண்டெல்லாம் சல்லடை. முழுகாமல் இருந்த நான் தலை சுற்றி உட்கார்ந்தால், "தண்ணி குடி" என்பதோடு சரி.

நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் கே.கே. நகரிலிருந்து அம்மா வந்து இறங்கினாள். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். அப்பா காலமாகி, அண்ணனும் துபாய்க்குப் போனபின் அண்ணன் கட்டிய மாடி வீட்டில் தனியாக இருந்தாள். வந்ததும் வராததுமாக இருட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரண்டு வர்ற வரைக்கும் எம்மக எங்கூட இருக்கட்டும் மாப்ள" என்றாள்.

அதுவரை ஹெட்மிஸ்ட்ரஸ் மகளாகவே வளர்ந்தவள் நான். எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்த முதல் வீடு இதுதான். இருட்டாக இருந்தாலும் என் இருட்டு. இதை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

இவருக்கோ பாட்டரியைப் பழித்ததுதான் ரோஷம். "ஒரு வாரம் இருந்து பாருங்க அத்தே. ஞாயித்துக்கெழம டிவில படம் முழுசா ஓடுனா இவ இங்கதான் இருப்பா. நடுவுல அணஞ்சா நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார். என்னைக் கேட்காமல் என்னைப் பந்தயம் வைத்தாயிற்று. அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

மறுநாளே அம்மா கண்ணில் ஒரு பிராந்தி பாட்டில் பட்டது. பாட்டரியில் ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைக் கடைக்காரர் கையில் கிடைத்த காலி பாட்டிலில்தான் ஊற்றித் தருவார். உள்ளே வெறும் தண்ணீர்தான் என்று மோந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "மாதா கோயில் சாமியார் வந்து போற வீடு. உள்ள என்ன இருந்தா என்ன, பாக்குறவுங்க பாட்டிலத்தான பாப்பாங்க" என்று சொல்லி, அந்தத் தண்ணீரைக் கழுவிக் காயவைத்த ஸ்குவாஷ் பாட்டிலுக்கு மாற்றினாள். அவள் எனக்காகக் கொண்டுவந்திருந்த கோயில் தீர்த்தமும் ஸ்குவாஷ் பாட்டிலில்தான் இருந்தது. இரண்டையும் ஷெல்ஃபில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஜோடியாக நிறுத்தினாள்.

தினமும் காலையில் ஒரு ஸ்பூன் தீர்த்தம் எனக்கு. தண்ணீரை மந்திரிக்கும்போது சாமியார் உப்புப் போடுவார். சிறு வயதிலிருந்தே நான் அறிந்த ருசி. இது சப்பென்று இருந்தது. மசக்கையில் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாந்தி நின்றது. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று அத்தனை பெண்களிடமும் சொன்னாள். இரண்டு பேர் மறுநாளே பாட்டிலோடு வருவதாகச் சொன்னார்கள்.

அன்று மதியம் பாட்டரியும் சார்ஜ் ஏறி வந்தது. "பிளீச்சிங் பவுடர் வாட வருதுன்னு கடைக்காரர் சொல்றாரு. அம்புட்டு சுத்தமா வச்சிருக்கேன்" என்று இவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களெல்லாம் வந்து ஹாலில் உட்கார்ந்தன. படம் பாதி நன்றாகத்தான் ஓடியது. பிறகு திரையின் ஓரங்கள் உள்ளே சுருங்க ஆரம்பித்தன. கதாநாயகிக்கு இருந்த கொஞ்சம் இடுப்பும் போயிற்று. இவர் டியூப்லைட்டை அணைத்தார். அப்புறம் வெளிச்சத்தைக் குறைத்தார். அப்புறம் சத்தத்தையும் குறைத்தார்.

"அண்ணே, என்ன பேசுறாங்கன்னு கேக்கல" என்றார் ஒருவர்.

"வாயப் பாருங்க, புரியும்" என்றார் இவர்.

தாலி கட்டக் கை நீளும் நேரத்தில் மாப்பிள்ளை ஒரு புள்ளியாகி மறைந்தார். கல்யாணம் நடந்ததா இல்லையா என்று கேட்டுக்கொண்டே எல்லாரும் கலைந்து போனார்கள்.

நான் அரிக்கேனை ஏற்றினேன். "காலையில மொத பஸ்ஸு" என்றாள் அம்மா.

இவர் பாட்டரி முன்னால் துஷ்டி வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். "உப்புத்தண்ணி பட்டாத்தான் அந்தப் பிளீச்சிங் வாட வரும்னாரு கடைக்காரரு. நான் ஷெல்ஃபுல இருந்த நல்ல தண்ணியத்தான ஊத்துனேன்" என்று தனக்குத்தானே முனகினார்.

உப்பு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. போய் அவர் ஊற்றிய பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். கரித்தது. மற்றதை ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் வாரேம்மா. ஆனா தீர்த்தம் குடிச்சது பாட்டரி. ஒரு வாரமா நான் குடிச்சது பாட்டரித் தண்ணி. நாளைக்கு அந்த ரெண்டு பேரும் பாட்டிலோட வந்தா என்ன செய்யட்டும், சார்ஜ் போடுற கடைக்கு வழி சொல்லவா?"

அம்மா இரண்டு பாட்டிலையும் வாங்கி, தானே ருசி பார்த்தாள். கோயில் வாசலில் தலை காட்ட முடியாது என்று பயந்து என்னை விட்டுவிடுவாள், ஜெயித்துவிட்டோம் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவள் கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லிக்கடி. நீ இங்கனயே இரு. கரண்டுக்காகவா உன்னயக் கூப்புட்டேன்? அங்க எல்லா ரூம்லயும் லைட்டு எரியுது. ஒத்த ஆளா உக்காந்து எம்புட்டு நேரந்தான் செவத்தப் பாக்குறது."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. நான் கண்ணைத் துடைப்பதற்குள் இவர் வாயைத் திறந்தார்.

"நீங்க எங்கயும் போக வேணாம் அத்தே. இங்கயே இருங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பாட்டரியத் தேத்திருவேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேசியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாட்டரி அதிலும் வந்துவிட்டது, போகட்டும்.

கரண்டு வருகிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு அம்மா தங்கிவிட்டாள். சில மாதம் கழித்து எங்கள் தெருவுக்குப் போஸ்ட் நட ஆட்கள் வந்தார்கள். அம்மாதான் எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். கம்பி இழுக்க எப்போது வருவீர்கள் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"வெயிலு கடுமையா இருக்குப்பா. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க."