பெரியப்பாவுக்கு ஒரு பிடிமண்

தொண்ணூறுகளில் மலேசியாவில் இருக்கும் என் மச்சினனைப் பார்க்கப் போனேன். ஊர் சுற்றுவதைவிட எனக்கு வேறொரு காரியம் முக்கியம். ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில் என் பெரியப்பா அங்கே ஒரு கடற்கரையில் செத்தார், உடல் வரவில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் சேத்தூர்த் தோட்டத்தில் அவருக்குக் கல் நட, அவர் விழுந்த இடத்துப் பிடிமண் வேண்டும்.

கடைவீதி, கட்டடமெல்லாம் காட்டிய பிறகு மச்சினன் என்னை அந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். பதுங்குகுழிச் சுவர்களில் அம்மைத் தழும்பு போலக் குண்டு துளைத்த ஓட்டைகள். சுற்றி வேலியாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நான் இறங்கினேன்.

"அத்தான், வேலிக்குள்ள போவாதீய!"

"ஏலே, ஒரு பிடி மண்ணுக்கு எவன் கேக்கப் போறான்?"

வீட்டுச் சாவியால் தோண்டினேன். இரும்பு தட்டுப்பட்டது. பழைய தகரமென்று நெம்பினேன். ஓடிவந்த காவலாளி பூட்ஸ் காலால் என் கையை உதைத்துத் தள்ளி, சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். விரல் முறிந்து ரத்தம் கொட்டியது. அவரை அடிக்கக் கை ஓங்கினேன்.

"அவரக் கும்பிடுங்க அத்தான்! அது வெடிக்காத குண்டு!" என்று, காவலாளி கத்தியதைக் கேட்டு மச்சினன் அலறினான்.

பட்டாளத்தார் வந்து எல்லாரையும் தூர விலக்கி, அதை அங்கேயே வெடிக்கவைத்தார்கள். பக்கத்துத் தென்னை இரண்டாகப் பிளந்தது. நான் குந்தியிருந்த இடத்தில் ஆளாழப் பள்ளம்.

அந்தக் காவலாளியே நடைபாதையோரம் ஒரு பிடி மண் அள்ளித் தந்தார். அதன் மேல்தான் பெரியப்பாவின் கல் நிற்கிறது. இப்போது எந்த ஊர் போனாலும் அந்த ஊர்க்காரரைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நான் தொடுவதில்லை. என் தோட்டத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டாலே, இந்தக் கோணல் விரல் முதலில் பிடியை விட்டுவிடுகிறது.