ஆட்டுக்காட்டில் கல்யாண ட்ரோன்

போன வாரம் மேலகரத்தில் நான் போட்ட கூச்சல் குற்றால அருவிச் சத்தத்தையும் தாண்டியிருக்கும். என்ன நடந்தது? சொல்கிறேன்... சிரிக்கக் கூடாது.

என் அண்ணன் மனைவி, மதினியின் ஆடுகள் மேய்கிற எங்கள் தரிசில் பார்த்தீனியக் களை. கேரட் இலை, வெள்ளைப் பூ, உடம்பெல்லாம் விஷம். தின்றால் ஆட்டுக்கு ஆகாது. தொட்டால் நமக்கு அரிப்பு. வருஷா வருஷம் பிடுங்குகிறோம். அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்கும்!

"இந்த வருஷமும் பரவுனா ஆட்டையெல்லாம் வித்துருவேன்" என்றார் மதினி. ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் வைத்திருப்பவர்.

விதை எங்கிருந்து வருகிறது? மேலேயிருந்து பார்த்தால் தெரியாதா? கல்யாண போட்டோகிராபர் இசக்கிராஜைப் பிடித்தேன்.

"ஆடியில ஏது அண்ணாச்சி கல்யாணம்? ட்ரோன் சும்மாதான் கெடக்கு."

ஆடியில்தான் காற்றும் பேயாக அடிக்கும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைத்தது — ட்ரோன் கிளம்பிய பிறகு.

தரிசைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, காற்று அதைத் தள்ளிக்கொண்டே போனது. திடீரென்று போன் திரையில் ஒரே வெள்ளை!

"ஐயோ, மேகத்துக்குள்ள போயிட்டுலே! மலையில மோதப் போகுது... எறக்குலே!"

ஓடினேன். எங்கே என்று எனக்கே தெரியாது. ஆடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தன.

"ஏன் அண்ணாச்சி கத்துதிய? ட்ரோன் பனைமர ஒசரத்துலதான் நிக்கி. இது மேகமில்ல... பூ!"

மதினி போனைப் பிடுங்கிப் பார்த்தார். ஓடை மேட்டில், உடைமுள் புதருக்கு நடுவே பார்த்தீனியக் காடு! மழைத் தண்ணீர் அங்கிருந்துதான் எங்கள் தரிசுக்கு இறங்குகிறது, விதையும் கூடவே. முள்ளுக்குப் பயந்து யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

"இங்கனயாடி ஒளிஞ்சிருக்க?" என்று திரையைத் திட்டினார் மதினி.

காற்று அசந்த நேரம் பார்த்து ட்ரோனை இறக்கினான் இசக்கிராஜ். மறுநாளே முள்ளை வெட்டினோம். கையுறை மாட்டிக்கொண்டு, விதை உதிர்வதற்குள் அத்தனையையும் பிடுங்கிக் குழியில் புதைத்தோம். சாரலில் நனைந்த மண்; இழுத்த இழுப்புக்கு வேரோடு வந்தது.

நேற்று மறுபடி பறக்கவிட்டோம். திரை முழுக்கப் பச்சை! வெள்ளையாக நகர்ந்ததெல்லாம் மதினியின் ஆடுகள். இனி ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பறக்கும். ஒன்று முளைத்தாலும் மாட்டும்.

புத்தியுள்ளவன் எவனும் ஆடிக் காற்றில் ட்ரோன் விடமாட்டான். அதனால்தான் அந்தப் புதர் இத்தனை வருஷம் பிழைத்திருந்தது!

இன்று காலை புளியங்குடி ஆட்டு வியாபாரி விலை கேட்டு வந்தார். மதினி நிமிர்ந்து சொன்னார்:

"ஆடு விக்கிறதுக்கு இல்ல. வேணும்னா எங்க கொழுந்தனாரை ஓட்டிட்டுப் போங்க... கொஞ்சம் மிரளும், அவ்வளவுதான்."