காலியாகக் கிடந்த முதல் பெஞ்சு

ஆராதனை தொடங்கிவிட்டது. முதல் இரண்டு பெஞ்சுகளும் காலியாகக் கிடந்தன.

அந்தப் பெஞ்சுகளை அப்பாதான் தன் மாணவர்களுக்காகப் பிடித்துவைத்திருந்தார். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் அவர் வாத்தியார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபை ஹாலில் மாணவர்களுக்கு ஜெபக்குழு நடத்துவார். கிடாரும் கைதட்டலும் டீயும் முறுக்குமாக அமர்க்களப்படும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் ஒரு பிள்ளை எட்டிப் பார்க்காது. முகம் தெரியாத சபையில் போய் என்ன செய்வது என்று ஹாஸ்டலிலேயே படுத்துக்கிடக்கும்.

சபைச் செயலாளர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், ஒங்க புள்ளைங்களுக்கு ஹால் வேணும், சபை வேணாமா? இந்த ஞாயித்துக்கெழம கண்ணுல காட்டுங்க. இல்லன்னா சாவியக் குடுத்துடுங்க."

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. வருகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று முதல் வரிசையை ஒதுக்கினார். எங்கள் சபையில் கல்யாண வீட்டாரைத் தவிர யாரும் அங்கே உட்காரமாட்டார்கள் என்பது பாவம், அவருக்குத் தோன்றவேயில்லை.

நான் சண்டே கிளாஸ் பிள்ளைகளோடு முன்னால், பெஞ்சுகளுக்குப் பக்கவாட்டில், தரையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் டீச்சர் தொடையில் கிள்ளுவார். அப்பாவும் திரும்பவில்லை, அவருக்குக் கிள்ளுக்குப் பயமில்லை, வேறு பயம். பாட்டு முடிந்தது, வேதவாசிப்பும் முடிந்தது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். 'ஆண்டவரே, எல்லாரும் வேண்டாம், பாதிப் பேராவது வரட்டும்' என்று நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்றார் பாஸ்டர். வாராவாரம் கேட்பதுதான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் சலசலப்பு. கிள்ளினால் கிள்ளட்டும் என்று திரும்பினேன். அடேயப்பா! கடைசிப் பாயில் முக்காடு போட்ட ஜெபக்குழு அக்கா ஒருத்தி யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் பக்கம் கிடார் அண்ணன். தூணோரம் இன்னும் நாலைந்து பேர். நாங்கள் சண்டே கிளாஸில் இருந்தபோதே வந்து, காலி பெஞ்சைப் பார்த்து மிரண்டு, பின்னாலேயே உட்கார்ந்துவிட்டிருக்கிறார்கள்.

குழந்தையின் அம்மா உழவர்கரைக்காரர். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்டர், இந்தப் பொண்ணு மத்தியானம் எங்க வூட்லதான் சாப்புடும்" என்று அங்கிருந்தே கத்தினார். "அப்ப இந்தத் தம்பி எங்களுக்கு!" என்றது இன்னொரு குரல். செயலாளரே சிரித்துவிட்டார். சாவி தப்பித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா ஜமக்காளம் விரித்தார். ஒருவரும் வரவில்லை. முக்காடு போட்ட அக்காவின் போன்தான் வந்தது. "சார், பாப்பாவுக்குக் காய்ச்சல், அவங்கம்மா தனியா இருக்காங்க. நான் இங்கயே இருந்துட்டு வரேன்." கிடார் அண்ணனை அவன் சாப்பிட்ட வீட்டார் கொயர் பாட்டுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு வேலை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா இல்லாவிட்டால் இவர்களுக்கு அந்த வீடுகள் ஏது? செயலாளர் இப்போது வந்து பார்த்தால் என்ன ஆகும்?

"அப்பா, எல்லாரும் ஒன்ன வுட்டுட்டுப் பூட்டாங்களே?"

"ஆமா கண்ணு, ஆளுக்கொரு வூட்டுக்குப் பூட்டாங்க!" என்றார் அப்பா, பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மாதிரி. காலி ஹாலில் உட்கார்ந்து எனக்கு ஒரு முறுக்கை உடைத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். கூட்டம் கலைந்துபோன மனுஷனுக்கு இது என்ன சந்தோஷம் என்று பயந்துபோய் நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.