விஜயராஜுக்குப் போட்ட சால்வை

முத்தாண்டிக்குப்பம் விஜயராஜுக்கு நாற்பத்திரண்டு வயது. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடும் மூன்றாம் பெல்ட் ஓரமாகப் பதினான்கு வருடம் நடந்தவர். கான்ட்ராக்ட் ஆள். பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் ரோலர்களின் சட்டத்தில் ஓர் இரும்புக் கம்பியின் நுனியை வைப்பார். மறுநுனியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வார். தேயத் தொடங்கிய ரோலர் அவருக்குத் தெரிந்துவிடும். சட்டத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறி ஒருமுறையும் பொய்த்ததில்லை.

யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். கேன்டீன் இரைச்சல் ஆகாது. பம்ப் ஷெட்டில் தனியாகச் சாப்பிடுவார். பெல்ட் சத்தம் மட்டும் அவரைத் தொந்தரவு செய்யாது, அது ஒரே சீராக வரும். அவர் கேட்டது ஒன்றுதான்: நான் நடக்கும் பெல்ட் லைனை மாற்றாதீர்கள். ஃபோர்மேன் சிங்காரவேலு அவர் சுபாவத்துக்குப் பெயர் எதுவும் வைக்காமல் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார்.

பெயர் வைக்க ஒருவர் வந்தார். கான்ட்ராக்ட் கம்பெனியின் புது மேனேஜர் பிரவீன்குமார். சென்னையில் இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்து, 'வித்தியாசமான மூளைகளைக் கொண்டாடுவோம்' என்று பேனர் அடித்தார். பேனர் முழுக்க விஜயராஜின் படம். அவரை யாரும் கேட்கவில்லை.

விழாவுக்கு மேளமும் ஏற்பாடாகியிருந்தது.

"சார், மேளம் மட்டும் வேணாங்க. அவனால தாங்க முடியாது" என்றார் சிங்காரவேலு.

"நல்லா சொன்னீங்க! கௌரவம் பண்ற இடத்துல மேளம் இல்லாம எப்படிங்க?"

சால்வை தோளில் விழுந்ததும் மேளம் முழங்கியது. விஜயராஜ் காதுகளைப் பொத்திக்கொண்டு மேடை மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார்.

"டேய், சாமி வந்துடுச்சுடா! வேப்பில கொண்டாங்கடா!" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரித்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன. மேனேஜர் மைக்கை விடவில்லை. "இவங்களை நாம புரிஞ்சிக்கணும்" என்றார். மேளத்தை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் உத்தரவு வந்தது. இப்படிப்பட்டவர் ஓடும் பெல்ட் அருகே நடப்பது ஆபத்தாம். இனி ஸ்டோர் கவுண்டரில் கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். ஷிப்டுக்கு இருநூறு பேர் முட்டி மோதும் கவுண்டர் அது. இதற்கு அக்கறை என்று பெயர்.

விஜயராஜ் கம்பியைச் சிங்காரவேலுவிடம் கொடுத்தார். கண் தரையிலேயே இருந்தது.

"நூத்திப் பன்னெண்டாம் ரோலரு தேஞ்சிகினு இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம தாண்டாது."

"நான் பேசிப் பாக்கறேன், விஜயராசு."

"நூத்திப் பன்னெண்டுங்க" என்றார் மறுபடியும்.

கவுண்டரில் நான்கு நாள் நின்றார். ஐந்தாம் நாள் வரவில்லை. வீட்டுக்குத் தேடிப்போன சிங்காரவேலுவிடம் விஜயராஜின் மனைவி மலர்கொடி வாசலிலேயே சொல்லிவிட்டார்: "அவரு வரமாட்டாருங்க. மேளம் இன்னும் காதுல கேட்டுகினே இருக்குதாம்."

சனிக்கிழமை பெல்ட்டை நிறுத்தி நூற்றுப் பன்னிரண்டாவது ரோலரைக் கழற்றினார்கள். உள்ளே பேரிங் பொடியாகிக் கிடந்தது. இன்னொரு நாள் ஓடியிருந்தால் சூட்டில் பெல்ட்டே பற்றியிருக்கும். சிங்காரவேலு அந்த ரோலரைத் தோளில் சுமந்துபோய் மேனேஜர் மேசைமேல் வைத்தார்.

"இத யாரு காதால புடிச்சது தெரியுமா சார்? அவன மறுபடி லைனுக்கே கூப்புடுங்க."

மேசையில் விழாப் படங்கள் ஒட்டிய அறிக்கை இருந்தது. கிரீஸ் பட்டுவிடாமல் பிரவீன்குமார் அதை அவசரமாக நகர்த்தினார்.

"பழைய ரோலரெல்லாம் ஸ்டோர்ல குடுங்க, சிங்காரவேலு. டேபிள் அழுக்காகுது பாருங்க."