கட்டிலை மறைத்த சுங்குடி

இந்த ஊரில் பகல் நேரத்தில் கதவைச் சாத்தினால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். திண்டுக்கல்லுக்கு வந்த முதல் வாரம் எனக்கு இது தெரியாது. நான் ரங்கூனில் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே கதவு சாத்தியே இருக்கும், வருகிறவர் தட்டுவார். அந்தப் பழக்கத்தில் இங்கே சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ராக்கம்மா தள்ளித் திறந்துகொண்டு வந்து, "என்ன புள்ள, யாருக்கு மேலுக்குச் சொகமில்ல?" என்றாள். அடுப்பை எட்டிப் பார்த்து, "வெஞ்சனம் என்ன?" என்றும் கேட்டாள். புத்தகத்தில் படித்த வெஞ்சினம்தான் எனக்குத் தெரியும். "எங்களுக்கு யார் மேலயும் கோபமில்லீங்க," என்று சொன்னேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் குழாயடி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ரங்கூனில் இன்னும் மிச்சமிருக்கிறவர்களுக்கும், கப்பலில் வந்து இறங்கி ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற என் போன்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சொந்த நாட்டுக்குப் போகிறோம் என்று மூட்டை கட்டுகிறவர்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

கதவு திறந்திருந்தால் தெருவில் போகிறவர் கண்ணில் எங்கள் வீடு முழுவதும் படும். வீடு என்பது ஒரே அறை. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். அதில் அத்தா என்று நான் கூப்பிடும் அப்பாவும் அம்மாவும் நானும். கப்பல் ஏறிய மூன்றாம் நாள் அத்தாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் குழறிப்போனது. தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலையிலிருந்த சின்னத்தா, எங்கோ ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இரும்புக் கட்டில் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அண்ணனுக்காக இறக்கினார். கட்டில் பாதி அறையை எடுத்துக்கொண்டது. அதன் கீழே தகரப் பெட்டிகள், சுருட்டிய படுக்கை, அத்தாவின் மலச்சட்டி. கால்மாட்டில் அம்மாவின் தையல் மெஷின். ரங்கூன் துறைமுகத்தில் அம்மாவின் கழுத்திலும் காதிலும் கிடந்ததையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டவர்கள், என்ன நினைத்தார்களோ, மெஷினை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பெரிய சாமான்களைச் சின்ன இடத்தில் அழகாக ஒளித்துவைப்பதில் அம்மா கெட்டிக்காரி. ரங்கூன் வீடும் சின்னதுதான். அங்கே இரண்டு டிரங்குப் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு, மேலே மெத்தையை மடித்து விரித்து, பூப்போட்ட துணியால் தரைவரை மூடிவிடுவாள். வருகிறவர்கள் சோபா என்றே நினைத்து உட்காருவார்கள். அரிசி டின்கள் மீது பலகை போட்டு விரிப்பு விரித்தால் மேஜை. கீழ்வீட்டு பர்மியப் பெண் ஒருத்தி படியேறி வந்து, எது எதற்குள் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கைதட்டுவாள். அத்தா செருப்புக் கடையிலிருந்து வந்து அந்தப் பெட்டிச் சோபாவில் சாய்ந்துகொண்டு, "நம்ம ஊருக்குப் போனா இந்த ஒளிச்சு வைக்கிற வேலையெல்லாம் எதுக்கு? வீடு விசாலமா இருக்கும்," என்பார். நம்ம ஊர் என்று அவர் சொல்லும்போது குரல் மாறும். அவர் திண்டுக்கல்லைவிட்டுப் போனபோது மீசை முளைக்கவில்லை. அதன்பின் இரண்டே தடவைதான் வந்து போயிருக்கிறார்.

போன வருஷம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வடமதுரையில் பலசரக்குக் கடை. பேச்சைக் கொண்டுவந்த ஜைனம்பு மாமி, மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காளும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு மேல் பெண் பார்க்க வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா கட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தா ரங்கூன் கடை விஷயமா மெட்ராஸ் போயிருக்காகன்னு சொல்லிருவோம்," என்றாள். அத்தா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். நான் ஏன் மறுக்கவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். எனக்கு வயது இருபத்துநாலு. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை இரண்டு வாங்கினோம். கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி. சாயம் ஓரத்தில் சரியாகப் பிடிக்காததால் கழித்தது. நான்தான் இரண்டையும் இணைத்துத் தைத்தேன். மேலே சுருக்கம் வைத்து, நாடா கோத்து, சுவருக்குச் சுவர் மூங்கில் கட்டித் தொங்கவிட்டேன். கட்டில், பெட்டி, சட்டி எல்லாம் மறைந்துபோயின. முன்பாதி அறையில் ஒரு பாயும், முன்னால் நகர்த்தி விரிப்புப் போட்ட மெஷினும், அதன்மேல் ஒரு செம்பில் ராக்கம்மா கொடுத்த சம்பங்கியும். வாசலில் நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக நம் வீடு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை எழுதும்போது இப்போது கை கூசுகிறது. வெள்ளிக்கிழமை உச்சிக்கு மேல் அம்மா அத்தாவுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. வந்தவர்கள் இருக்கும்போது சட்டி கேட்டுவிடுவாரே என்ற பயம். அவரும் கேட்கவில்லை.

வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். அத்தா மெட்ராஸ் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒத்த ரூம்புல இம்புட்டு அழகா வச்சிருக்கீகளே! ஒரு தட்டுமுட்டுக்கூட கண்ணுல படலையே. எல்லாத்தையும் எங்கிட்டு வச்சிருக்கீக?" என்றாள். எழுந்து வந்து திரையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"திரைக்கு அங்கிட்டுத்தான்," என்றாள் அம்மா. "எல்லாம் பழைய சாமான்."

உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. அந்த அம்மாள் திரையையே பார்த்தாள். "சாமான் சரியுது போல," என்றாள் அம்மா. பிறகு தேநீர் குடித்தார்கள். என் தலையில் பூ வைத்தார்கள். "சொல்லி அனுப்புறோம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் தெரு முனை திரும்பும்வரை நின்றுவிட்டு நான் ஓடிவந்து திரையை விலக்கினேன். இருமல் வெளியே வந்துவிடாமல் அத்தா இடது கையால் போர்வையின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்து வைத்திருந்தார். முகம் கறுத்திருந்தது. படுக்கை நனைந்திருந்தது. நான் போர்வையை உருவி எடுத்தேன். அவர் இருமி முடித்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டாகளா?" என்று மட்டும் கேட்டார்.

எட்டு நாள் கழித்து ஜைனம்பு மாமி வந்தாள். அவள் பாயில் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவக வேற எடம் பாத்துட்டாக, புள்ள," என்றாள்.

"இவ அத்தா கெடக்குறது யார் மூலமாவோ தெரிஞ்சு போச்சா?" என்று அம்மா கேட்டாள்.

மாமி சிரித்துவிட்டாள். "அது அவகளுக்கு மொதல்லயே தெரியும். நாந்தான சொன்னேன். அந்தம்மா மாமனாரே ஏழு வருசம் படுக்கையில கெடந்து மௌத்தானவரு. இவதான் பீ மூத்திரம் அள்ளுனா. சீக்கு ஒரு கொறையா? புள்ள பர்மாவுல பொறந்தது. மூஞ்சில தானாக்கான்னு அந்த ஊருச் சாந்தப் பூசிக்கிட்டு, பாவாடைக்குப் பதிலா கைலியக் கட்டிக்கிட்டுக் குழாயடிக்கு வருதுன்னு யாரோ சொல்லியிருக்காக. அந்த ஊரு வளப்பு நமக்கு ஒத்து வராதுன்னுட்டாக."

"தெரிஞ்சிருந்தா இவ அத்தாவப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் அம்மா.

"நீங்க மெட்ராஸ்னு சொன்னீக. அவக எப்படிக் கேப்பாக?"

ரங்கூனில் எங்களைக் கலா என்பார்கள். கடல் கடந்து வந்தவன் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். சொல்லுகிற வாயைப் பொறுத்து அது வசவாகவும் இருக்கும். இங்கே நாங்கள் பர்மாக்காரர்கள். இதையும் எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது இதற்குப் பின்னால் நடந்தது. திரையைக் கழற்றிவிடலாம் என்று நான் மூங்கிலில் கை வைத்தபோது அத்தா வேண்டாம் என்று தலையாட்டினார். வாசலில் யார் காலடி கேட்டாலும், "மூடு தாயி," என்பார். "சாமான மூடு." குழறலில் மற்ற சொற்கள் சிதைந்தாலும் இந்தச் சொல் தெளிவாக வரும். சின்ன வயதில் அவரோடு குர்ஆன் ஓதும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். அத்தா இடது கையால் திரையை இழுத்துக்கொண்டார். வந்தவர் பாயில் உட்கார்ந்து திரையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். முப்பத்தைந்து வருஷம் நம்ம ஊர் நம்ம ஊர் என்று சொன்ன மனிதர், ஊர் தன்னைப் பார்க்க வந்தபோது முகம் காட்டவில்லை. துணியைத் தைத்தவள் நான். அம்மாவைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது.

போன மாதம் காலையில் அகதிகள் கணக்கெடுக்க ஒரு ஆபீசர் காகிதக் கட்டோடு வந்தார். "குடும்பத் தலைவர் எங்கம்மா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய்த் திரையைப் பிடித்து இழுத்தேன். அது பாதியில் நின்றது. உள்ளே அத்தா மறு ஓரத்தை இடது கையில் சுற்றிப் பிடித்திருந்தார். ஒரு கைதான், ஆனாலும் விடவில்லை.

"இவுகதான் எங்க அத்தா," என்றேன். "உசுரோட இருக்காக. எழுதிக்கங்க."

ஆபீசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு துணியைப் பார்த்துக் கேட்டார். "பெரியவரே, பிறந்த ஊர்?"

"திண்டுக்கல்." குழறல்தான், ஆனால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"ரங்கூன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அங்கதான் இனிமே போக முடியாதே. சொந்த ஊர்ங்கிற எடத்துல உனக்கு என்ன போட?"

ஒரு ஓரத்தை அத்தா இழுத்துப் பிடித்திருக்க, மறு ஓரத்தை நான் விடாமல் பிடித்திருக்க, நடுவில் துணி விறைத்து நின்றது. ஆபீசர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.