தாயம்மாவின் பெருவிரல்

அயனம்பாக்கம் செங்கல் சூளையில் தாயம்மா அறுக்கும் கல்லின் முனை மழுங்கி நான் பார்த்ததில்லை. நானும் அங்கே கல் சுமந்தவள்தான். 1972இல் அவளுடைய ஒரே சொத்தான வீட்டு மனைக்கு ஆபத்து வந்தது. அதை அவள் தனக்கு விற்றுவிட்டதாக மனைத் தரகர் திருவேங்கடம் ஒரு பத்திரத்தைக் காட்டினார். அடியில் தாயம்மா பெயரில் ஒரு கைநாட்டு. வேறு யாரையோ தாயம்மா என்று நிறுத்தி, வைக்கச் செய்த கைநாட்டு அது.

தாயம்மா கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட்டு அந்தப் பத்திரத்தையும் அவளையும் கைரேகை நிபுணரிடம் அனுப்பியது. துணைக்கு நான் போனேன். பெரிய இடத்துக்கு அழுக்குக் கையோடு போகக் கூடாதென்று, புறப்படும் முன் செங்கல் தூள் போட்டு விரல்களை அழுத்தித் தேய்த்திருந்தாள். மை தடவி ஒற்றியபோது வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது.

"ஏம்மா, ரேகையே காணோமே?"

"நல்லா தேச்சிக் கழுவிகினு வந்தேன் சார்."

"அதான் வம்பு. சூளை மண்ணு பாதியைத் தின்னுச்சு, மீதியை நீயே தேய்ச்சுட்டே."

அப்புறம் நிபுணர் பொறுமையாக விளக்கினார். ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இருக்காதாம். மேல்தோல் தேய்ந்தாலும் அதே கோடுகள் அதே இடத்தில் மறுபடி வருமாம். ஒரு மாதம் கையை வேலைக்கு விடாமல், தினமும் எண்ணெய் தடவிவிட்டு மறுபடி வரச் சொன்னார்.

கை ஓய்ந்தால் சோறு ஏது? மறுநாள் தாயம்மா சூளை மேஸ்திரி எத்திராஜ் முன்னால் போய் நின்றாள்.

"கைதான் வேணான்னாங்க அண்ணாத்தே. கால் கீதுல்ல? மண்ணு மிதிக்கிறேன்."

அது ஆண்கள் செய்கிற வேலை. முழங்கால் சேற்றில், இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, அவர்களுக்குச் சமமாக மிதித்தாள்.

"இன்னா தாயம்மா, மருதாணி வச்சிகினு கீறியா?" என்று எத்திராஜ் கேலி செய்தான்.

"ஆமா நைனா, கோர்ட்டுக்கும் எனக்கும் கல்யாணம்!"

வீட்டில் பாத்திரம் துலக்க நீளும் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வாள். அந்த மாதம் அவள் பாத்திரங்களை நான்தான் துலக்கினேன்.

மறுபடி ஒற்றியபோது கோடு கோடாக விழுந்தது. நிபுணர் பூதக்கண்ணாடியை எங்களிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பத்திரத்திலிருந்த ரேகை சுழி சுழியாகச் சுற்றியது. தாயம்மாவுடையது வில்லாக வளைந்து, விரலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. இரண்டும் ஒரே விரல் என்று யாரும் சொல்ல முடியாது. கோர்ட்டும் அதையே சொன்னது.

தீர்ப்பு வந்த சாயங்காலமே மனையின் நாலு மூலையிலும் கல் நட்டாள். அந்த வழியாக வந்த திருவேங்கடம் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்.

"பாத்துப் போ அண்ணாத்தே, கல்லு தடுக்கப் போவுது," என்றாள் தாயம்மா.