காதை மூடிக் கேட்ட கேசட்

ஈப்போவில் ஹெட்ஃபோன் வாங்கப் போனவர்கள் எல்லாரும் பாட்டுக்காகப் போனார்கள். நான் என் அக்காவைக் கேட்கப் போனேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் செமோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவள் கப்பலேறினாள். அத்தானுக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. பால்குடி வயதில் விட்டு வந்த தாய்நாட்டு ஊருக்கு அவர் திரும்ப வேண்டியதாயிற்று. கூடவே அக்காவும் போனாள். பினாங்குத் துறைமுகத்தில் என் கன்னத்தைக் கிள்ளி, "வாரேன் லா, அழுவாத" என்றாள். போறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காகச் சொல்கிற வாரேன்தான் அது. தெரிந்தும் நான் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஊருக்குப் போய் வந்த ஒருவர் கையில் கேசட் வந்தது. அக்கா பேசி அனுப்பியிருந்தாள். நாங்கள் அப்போது ஈப்போவில் வரிசை வீடொன்றில் இருந்தோம். பக்கத்து வீட்டு டிவி ஒரு பக்கம், தகரக் கூரையில் மழை ஒரு பக்கம். அதற்கு நடுவில் ரேடியோவில் போட்டேன்.

"தங்கச்சி, நல்லா இருக்கீங்களா? நாங்க இங்க சௌக்கியம்."

இருக்கீங்களாவா? எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு லா போட்டு, "சனியனே, இங்க வா லா" என்று என்னைக் கூப்பிட்டே வளர்ந்தவள்! எனக்கு வந்ததே கோபம். "யாரு லா இந்தப் பொம்பள? எங்க அக்காவா?" என்று கத்தினேன். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் குரல் சட்டென்று அறுந்தது. "கேசட்டு சிக்குது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கோ, அவள் எங்களை மறந்து அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள் என்று பட்டது. அப்படியில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று மனசு கிடந்து தவித்தது.

ஹெட்ஃபோன் மாட்டி, வேறு சத்தமில்லாமல் அவளைக் கேட்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் பாட்டு கேக்குறவங்களுக்குத்தான் லா" என்று அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேசட்டோடு டவுன் கடைக்குப் போனேன். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் கடைக்காரச் சீனர் மூன்று ஹெட்ஃபோன்களை எடுத்து வைத்தார். "அக்கா, இது பேஸ் நல்லா இருக்கு லா" என்று தன் கேசட்டைப் போட்டார். மண்டைக்குள் டமடமவென்று மேளம். "மேளம் வேணாம் தவுக்கே, என் கேசட்டப் போடுங்க."

முதலாவது காதின்மேல் சும்மா உட்கார்ந்தது. அக்கா பேசப் பேச ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டாவது காதை முழுக்க மூடியது, ஆனால் அக்கா குடத்துக்குள்ளிருந்து பேசினாள். தாடை வேறு வலித்தது. இரண்டையும் கழற்றி வைத்ததும் தவுக்கேயின் முகம் சுருங்கியது.

மூன்றாவதும் காதை முழுக்க மூடுகிறதுதான். கனமாக இருந்தது, காது வியர்த்தது. ஆனால் மாட்டியதும் பஸ் போனது, கடை போனது, வீட்டுக்காரரின் முணுமுணுப்பும் போனது, நல்ல வேளை! அக்கா மட்டும் இருந்தாள். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவளுக்குப் பின்னால், தூரத்தில், பிள்ளைகள் சிரித்தார்கள். "லா லா சித்தி!" என்றது ஒரு வாண்டு. யாரோ அதட்டினார்கள்.

"நாங்க இங்க சௌக்கியம் ல்..."

கேசட் சிக்கவேயில்லை. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அக்காவின் நாக்கு மேலே போய் அப்படியே நின்றது. சிரிப்பார்கள் என்று பயந்து தன் லாவை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். எத்தனை வருஷமாகவோ! அந்த வாண்டு கையில் கிடைத்திருந்தால் முதுகில் நாலு போட்டிருப்பேன்.

"அப்ப முடிச்சுக்கிறேன்" என்றாள். வீட்டு ரேடியோவில் அதற்கப்புறம் வெறும் கரகரப்புதான். இப்போது அந்தக் கரகரப்புக்குள், வாயை மைக்கோடு ஒட்டிவைத்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"வாரேன் லா, அழுவாத."

"வா லா! எப்ப லா வருவ?"

காதை மூடியிருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. கடையே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து ஹெட்ஃபோனைக் கழற்றப் பார்த்தார்.

"கழட்டாதீங்க" என்றேன். "இன்னும் ஓடுது."

கரகரப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. கேசட் தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.